ஐந்து வரி

மழை பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நாளாயிற்று. அந்த வீட்டுக் கூடத்தில் குறுக்கே மூன்று கயிறு கட்டி, மூன்றிலும் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு விரிப்பு நனைந்தது, இரண்டுதான் காய்ந்தது. மிச்சத்தை அண்ணி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து உலர்த்தினாள். வீடு முழுக்க வெந்த துணியின் வாடை. யார் உள்ளே வந்தாலும் குனிந்து, ஈரம் கன்னத்தில் உரச, அந்த விரிப்புகளைத் தாண்டித்தான் வரவேண்டும். தாண்டி வந்தால் ஜன்னலோரத்து நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருப்பார்.

அண்ணன் என்பது அவருக்குப் பெயராகவே ஆகிவிட்டது. முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவர் அவருடைய தம்பி ஒருவர்தான். ஆனால் ஆலையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களும், அவரைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேனும்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருடம் தொட்டிப் பிரிவில் வேலை பார்த்து, கடைசி ஒன்பது வருடம் அதற்கு மேஸ்திரியாக இருந்தவர். இப்போது அவருக்கு ஸ்பூன் பிடிக்க வரவில்லை. பழையதெல்லாம் நினைவிருந்தது, புதிதாக எதைச் சொன்னாலும் அரை மணி நேரம் தங்கினால் அதிகம். சூடு, குளிர் தெரியவில்லை. ஒன்றுக்குப் போவதும் தெரியவில்லை. மூளைக்கு ஐந்து நிமிடம் காற்றுப் போகவில்லை என்றார் டாக்டர். ஐந்து நிமிடம் என்பது ஒரு டீ குடிக்கிற நேரம். அதற்குள் ஒரு மனுஷனில் முக்கால்வாசி போய்விட்டது.

அது வெள்ளரிப் பிஞ்சு ஆலை. விரல் பருமன் பிஞ்சுகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, புளித்து வந்ததும் பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். ஊறப்போடும் தொட்டிகள் பூமிக்குள் பன்னிரண்டு அடி ஆழம். சரக்கை எடுத்தபின் அடியில் ஒரு முழம் கசடு நிற்கும். ஆள் இறங்கி அதை வாரியால் இழுத்து வாளியில் அள்ள வேண்டும். கசடு அப்போதும் புளித்துக்கொண்டேதான் இருக்கும். அதிலிருந்து கிளம்பும் கெட்ட காற்று மேலே வராமல் தொட்டிக்குள்ளேயே படுத்திருக்கும். அதற்கு நிறமில்லை, பெரிதாக வாடையும் இல்லை. இறங்கியவன் இரண்டு மூச்சு இழுத்தால் மூன்றாவது மூச்சுக்கு ஆள் இருக்கமாட்டான்.

அதனால் அங்கே ஒரு பழக்கம் இருந்தது. பால் டின்னுக்குள் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்குவார்கள். அடிவரை போய் எரிந்துகொண்டிருந்தால் ஆள் இறங்கலாம். நடுவில் அணைந்தால் காற்று ஊதும் இயந்திரத்தை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். சில நாள் மூன்று தடவை, நான்கு தடவை அணையும். முதலாளி நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார். அண்ணன் அசையமாட்டார்.

அண்ணியும் அதே ஆலையில்தான் இருந்தாள், அளவு பிரிக்கும் மேசையில். உப்புநீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் எப்போதும் சுருங்கியே இருக்கும். பிஞ்சுக் காம்பு கீறிய இடத்தில் உப்புப் பட்டால் சுரீரென்று ஏறும். பதினேழு வருடத்தில் அதற்குக்கூட முகம் சுளிக்காமல் இருக்கப் பழகிவிட்டாள். அவர்களுக்குப் பிள்ளையில்லை. தாய் தகப்பன் இல்லாமல் ஏழு வயதில் வந்து சேர்ந்த கொழுந்தன்தான் பிள்ளை. அவனை அவர்கள் படிக்கவைத்த படிப்பு கொஞ்சநஞ்சமல்ல. படித்து முடித்து அவன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் அறிவியல் விரிவுரையாளர் ஆனான். அண்ணன் அன்றிலிருந்து அவனை "வாத்தி" என்றுதான் கூப்பிட்டார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவருக்கு முகமே மாறும். ஊர் மரியாதைக்கு நாமும் இனி அவரை வாத்தியார் என்றே சொல்வோம்.

பல்கலைக்கழகத்தில் இளைஞர் புத்தாக்க மையம் என்று ஒன்று இருந்தது. பழைய விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கண்ணாடிச் சுவர் போட்டு, ஆரஞ்சும் பச்சையுமாக மெத்து மெத்தென்ற இருக்கைகளைப் போட்டால் அது மையம். சுவரில் "தோற்பதற்கு அஞ்சாதே" என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தார்கள். அரை மார்க்குக்கு மாணவனை அரை வருடம் அலையவிடுகிற பேராசிரியர்கள் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் துறையிலிருந்து ஆறு பேர் சனிக்கிழமைதோறும் அங்கே வழிகாட்டிகளாக உட்காரவேண்டும். ஆறில் ஐந்து பேர் கையால் புரோகிராம் எழுதிப் பத்து வருடம் ஆகியிருக்கும். வாய்தான் வழிகாட்டும். வாத்தியார் மட்டும் அப்படியில்லை. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, ஈயம் பற்றவைத்து, விரலைச் சுட்டுக்கொள்வார். நல்ல ஆசிரியர், சந்தேகமில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது, அது ஒன்றுதான் அவரிடம் குறை.

மெழுகுவத்திக் கதையை அண்ணன் சாப்பாட்டு வேளையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதை வாத்தியார் தன் குழுவுக்குச் சொன்னார். மூன்று மாணவர்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு பெண். மெலிந்த உடம்பு, ஓரிடத்தில் நிற்காமல் தத்தித் தத்தி நடப்பாள், குருவி என்று பெயர். ஒரு நாள் மூன்று பேரும் ஆலைக்கு வந்தார்கள். அண்ணன் அவர்களுக்காகவே டின்னை இறக்கிக் காட்டினார். பாதி ஆழத்தில் சுடர் சட்டென்று அணைந்தது.

"மெழுகுவத்திக்கு எப்படி அண்ணா தெரியும்?" என்று குருவி கேட்டாள்.

"அதுக்கென்னம்மா தெரியும்? அதுவும் நம்மள மாதிரி மூச்சு விடுது, அவ்வளவுதான். அது செத்த இடத்துல நாம இறங்குனா நாமளும் சாவோம்."

ஐந்து மாதத்தில் அவர்கள் ஒரு பெட்டி செய்தார்கள். உள்ளங்கை அகலம். கயிற்றில் கட்டி இறக்கினால் அடியில் இருக்கிற காற்றை சென்சார் அளக்கும். கெட்ட காற்றாயிருந்தால் மேலே இன்னொரு சின்னப் பெட்டியில் சிவப்பு எரியும், நல்ல காற்றானால் பச்சை. மையத்தின் ஆண்டுப் போட்டிக்கு அதைக் கொண்டுபோனார்கள். கண்ணாடித் தொட்டியில் கெட்ட காற்றை நிரப்பி, பெட்டியை இறக்கி, சிவப்பைக் காட்டி, பிறகு மின்விசிறியைப் போட்டுப் பச்சையைக் காட்ட வேண்டும். துணைவேந்தர் வருகிறார், வெளியூரிலிருந்து நடுவர்கள் வருகிறார்கள்.

அன்று காலை ஒன்பதரை மணிக்கு சென்சார் மக்கர் பண்ணியது. தொட்டியில் என்ன இருந்தாலும் அதற்குச் சிவப்புதான். சூடேறி நிதானத்துக்கு வர அதற்கு நேரம் வேண்டும், நேரம்தான் இல்லை. குருவி வராண்டாவில் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற இருவர் தண்ணீர்க் கேனும் பேனரும் தூக்கப் போயிருந்தார்கள். வாத்தியார் குருவியின் லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டு ஐந்து வரி எழுதினார். சென்சார் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே. போன வாரம் ஆய்வகத்தில் பதிவான அளவுகளையே திரும்ப ஓட்டு. முடுக்கியதும் இரண்டு நிமிடம் சிவப்பு, அதற்கப்புறம் பச்சை. அவ்வளவுதான். பெட்டியில் ஏற்றினார். "சென்சார் சரியாயிடுச்சு, போங்க" என்று பிள்ளைகளை மேடைக்கு அனுப்பினார்.

இதில் பெரிய பாவம் ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அந்தத் தொழிலில் அது எல்லோரும் செய்வதுதான். நாலு பேர் முன்னால் காட்டும்போது இயந்திரம் மானத்தை வாங்கிவிடக்கூடாது என்று, வேலை செய்த நாளின் பதிவை ஓட்டிக் காட்டுவார்கள். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்றுதான் அவரும் நினைத்தார். சாயங்காலம் முதல் பரிசு, போட்டோ, மாலைக்குப் பதில் சால்வை, துறைத்தலைவரின் கைகுலுக்கல். மறுவாரம் முந்நூற்றிருபது விடைத்தாள் திருத்த வந்து சேர்ந்தது. ஐந்து வரியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஆலையில் பெட்டியை வைக்கச் சொல்லி முதலாளியிடம் பேசியது அண்ணன்தான். "என் தம்பி செஞ்சது" என்று இரண்டு தடவை சொன்னார். பெட்டி ரொம்ப நன்றாக வேலை செய்தது. முடுக்கினால் சிவப்பு, காற்று ஊதும் இயந்திரத்தைப் போட்டால் இரண்டாவது நிமிடம் பச்சை. அரை மணி நேரம் காத்திருந்த வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. எப்படியும் கொஞ்சம் காற்று ஊதிவிட்டுத்தானே இறங்கினார்கள், அதனால் இரண்டு மாதம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பால் டின் எங்கேயோ உருண்டு போயிற்று.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் பெட்டி பலே பெட்டிடா வாத்தி. பெரிய தொட்டியோ சின்னத் தொட்டியோ, கணக்கா ரெண்டு நிமிஷம். வாட்ச்மேன் கைக்கடிகாரத்தை அதை வெச்சுத்தான் சரி பண்றான்."

"நல்லதுண்ணா" என்றார் வாத்தியார். அவர் மடியில் ஓர் அறிக்கை இருந்தது. அதில் பத்தி பிரித்துக்கொண்டிருந்தார். பெரிய தொட்டிக்கும் சின்னத் தொட்டிக்கும் ஒரே நேரம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருடைய முதலாண்டு மாணவன் சொல்லிவிடுவான். அவர் இன்னொரு கவளம் வாங்கிக்கொண்டு பத்தியைப் பிரித்தார்.

விபத்து நடந்த அன்று காற்று ஊதும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்துபோயிற்று. மாற்றுப் பெல்ட் வர மதியமாகும். முதலாளி "பெட்டி என்ன சொல்லுது, பாருங்க" என்றார். இறக்கினார்கள். இரண்டு நிமிடம் சிவப்பு, பிறகு பச்சை. அண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். வாரியை ஒரு தடவை இழுத்தார், இரண்டாவது தடவை இழுக்கவில்லை. கயிறு பிடித்தவன் கத்தி ஆள் சேர்த்து, தொண்ணூறு கிலோ உடம்பைப் பன்னிரண்டு அடி தூக்கி மேலே போடுவதற்குள் ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. மேலே போட்டபோதும் பெட்டி பச்சையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அளவு மேசைப் பெண்களில் ஒருத்தி செருப்பைக் கழற்றி அடித்தாள்.

சேதி போனில் வந்தபோது வாத்தியார் வகுப்பில் இருந்தார். "பச்சை காட்டுச்சு சார், பச்சை காட்டித்தான் இறங்குனாரு" என்று கயிறு பிடித்தவன் அழுதான். கேட்டவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. கணக்கா ரெண்டு நிமிஷம் என்று அண்ணன் சொன்னது, தான் நல்லதுண்ணா என்றது, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. சாக்பீஸைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் ஆஸ்பத்திரி வரை கையிலேயே கொண்டுபோனார்.

இருபது நாள் ஆஸ்பத்திரி. அதற்குள் பல்கலைக்கழகத்தில் பெட்டியைப் பிரித்துப் பார்த்து ஐந்து வரியையும் கண்டுபிடித்துவிட்டார்கள். யார் எழுதியது என்று பதிவேட்டில் தேடினால் போட்டி நாள் காலை ஒன்பது நாற்பது என்று நேரம் இருந்தது, பக்கத்தில் குருவியின் பெயர் இருந்தது. லேப்டாப் அவளுடையதல்லவா?

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் துறைத்தலைவர் வாத்தியாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் அவருடைய பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க. அண்ணன் எப்படி இருக்காரு?"

"அப்படியேதான் இருக்காரு சார்."

"ம். கஷ்டந்தான். சரி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு விசாரணைக் கமிட்டி. நீங்க ஒரு அறிக்கை குடுத்தாப் போதும். பதிவுல அந்தப் பொண்ணு பேருதான் இருக்கு. மாணவர் பண்ணின தப்பு. நீங்க வழிகாட்டி. வழிகாட்டின்னா வழியைக் காட்டுவாரு, அவரே நடக்கமாட்டாரு."

"அவளை என்ன பண்ணுவாங்க சார்?"

"பேரை நீக்கிடுவாங்க. ஆலைக்காரர் போலீஸ்ல குடுக்கப் பேர் கேக்கறாரு, குடுத்துத்தான் ஆகணும். சின்னப் பொண்ணு, தாங்கிக்குவா. மையம் தாங்காது பாருங்க."

"சார், அன்னிக்குக் காலையில நான்தான்…"

துறைத்தலைவர் உள்ளங்கையை உயர்த்தினார். "இருங்க. நான் எதையும் கேக்கல, நீங்க எதையும் சொல்லல. நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல டெமோவுக்கு என்னென்ன தில்லாலங்கடி பண்ணியிருக்கேன் தெரியுமா? பண்ணாதவன் யாரு சொல்லுங்க. அதுக்காக ஒரு குடும்பஸ்தன் வேலையைத் தொலைக்கணுமா? அங்க வீட்டுல ஒரு நோயாளி கிடக்காரு. நீங்களும் வீட்டுல உக்காந்தா யாரு பாக்கறது? யோசிங்க."

வாத்தியார் யோசித்தார். நல்லவர்களுக்கு யோசிக்கக் கொடுத்துவிட்டால் அப்புறம் வேறு எதிரி தேவையில்லை. துறைத்தலைவர் தட்டச்சடித்துக் கொடுத்த அறிக்கைத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதில் கையெழுத்துப் போடவுமில்லை, கிழிக்கவுமில்லை.

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள், அண்ணி கொல்லைப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, அவர் அண்ணனின் நாற்காலி அருகே போய் உட்கார்ந்தார்.

"அண்ணா, அந்தப் பெட்டியில தப்புப் பண்ணினது நான்தான்."

"எந்தப் பெட்டி?"

"தொட்டிக்குள்ள இறக்குற பெட்டி. அது உண்மையா அளக்கலைண்ணா. நான் ஒரு சாயங்காலத்துக்குன்னு மாத்தி வெச்சேன், அப்படியே விட்டுட்டேன். அதனாலதான் உனக்கு இப்படி ஆயிடுச்சு."

அண்ணன் கையைத் தூக்கி, குறி தவறித் தவறி, தம்பியின் தலையில் வைத்தார். "சரி விடுடா. வேணும்னா பண்ணினே? பாத்துக்கலாம்."

வாத்தியார் அந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பாரம் இறங்கியது. அரை மணி நேரம் கழித்து அண்ணன் கேட்டார், "ஏன்டா வாத்தி, உன் பெட்டி எப்படி ஓடுது?"

மறுநாளும் சொன்னார். மறுநாளும் அண்ணன் தலையில் கைவைத்து, சரி விடுடா என்றார். அதற்கு மறுநாளும். சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிற மாத்திரை போல அது தினப்படி ஆகிவிட்டது. சொல்லி அழுது, மன்னிப்பு வாங்கிக்கொண்டு, முகம் கழுவி அவர் வேலைக்குக் கிளம்பினார். வீட்டுக்குள்ளேயே தினம் ஒரு மன்னிப்பு கிடைக்கிறபோது கமிட்டிக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்?

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே மழை கனத்துவிட்டது. வாத்தியார் விடுப்பு எடுத்திருந்தார். அண்ணி கூடத்து மேசையில் விரிப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆவி எழுந்து அவள் முகத்தை மறைத்தது. பதினோரு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் குருவி. குடை இருந்தும் முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். முன்பிருந்த தத்தல் நடை போயிருந்தது. விரிப்புகளுக்கு அடியில் குனிந்து வந்தவள், வாத்தியாரைக் கண்டதும், "சார், உங்களைப் பாக்க வரல. அம்மாவைப் பாக்க வந்தேன்" என்று அண்ணியைக் காட்டினாள்.

"வா, உக்காரு" என்றாள் அண்ணி.

அவள் நாற்காலியில் உட்காராமல் அண்ணனின் கால்பக்கம் தரையில் உட்கார்ந்தாள். அண்ணன் அவளை உற்றுப் பார்த்து முகம் மலர்ந்தார். "மெழுகுவத்திக்கு எப்படித் தெரியும்னு கேட்ட பொண்ணு. என்னம்மா, பெட்டி செஞ்சு முடிச்சிட்டீங்களா?"

குருவி வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே விக்கல் போல ஒரு சத்தம் வந்தது.

"அம்மா, இன்னிக்கு மூணு மணிக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு வந்தேன். அந்த அஞ்சு வரி என் பேருல இருக்கும்மா. எப்ப எழுதினேன்னே எனக்கு ஞாபகம் இல்ல. போட்டிக்கு முன்னாடி மூணு நாள் நாங்க சரியாத் தூங்கல. என்ன பண்றோம்னே தெரியாமப் பண்ணியிருக்கேன் போல. யோசிச்சு யோசிச்சுப் பாத்தாலும் வரமாட்டேங்குது. ஆனா என் பேருதான் இருக்கு. என் மெஷின்தான்."

"யாராவது உன்னை எழுதச் சொன்னாங்களா?" என்று அண்ணி கேட்டாள். இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை.

"இல்லம்மா. சார் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு, டெமோவுக்குன்னு எதையாவது மாத்தினா அன்னிக்கே எடுத்துடணும்னு. அவர் பேச்சைக் கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது. சார் மேல எந்தத் தப்பும் இல்ல. என்னாலதான் அண்ணாவுக்கு இப்படி. எங்கப்பா எங்கூடப் பேசறதில்ல. அது பரவால்ல. நீங்க என்னை ரெண்டு அடி அடிச்சிட்டாக்கூடத் தேவலைம்மா."

அண்ணன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன் இந்தப் புள்ள அழுவுது? யாரு திட்டினது?" என்று எல்லோரையும் பொதுவாகக் கேட்டார்.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வாத்தியாரை நேராகப் பார்த்தாள். "தம்பி, நீ ஏதாவது சொல்லணுமா?"

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் வாத்தியார் வாயில் வந்த வார்த்தையை அவர் தன் ஆயுளுக்கும் மறக்கப்போவதில்லை.

"மழையில வந்திருக்கே. ஒரு டீ குடிச்சிட்டுப் போம்மா."

அண்ணி சுவிட்சை அணைத்தாள். மேசையைச் சுற்றி வந்து குருவியின் கையைப் பிடித்து எழுப்பினாள். உப்பில் ஊறிய அந்த விரல்களுக்கு நல்ல பலம் உண்டு.

"எழுந்திரு. நீ எழுதல. ஞாபகம் வராதது அதனாலதான். எழுதினது உங்க சாரு."

குருவிக்குப் புரியவில்லை. வாத்தியாரைப் பார்த்தாள், அவர் இல்லை என்று சொல்வார் என்றுதான் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி…"

"இரு, நான் பேசிடறேன். அண்ணனை வீட்டுக்குக் கூட்டியாந்த மூணாம் நாள் நீ அவர்கிட்ட அழுதுகிட்டே சொன்னியே, சோப்பு எடுக்க உள்ள வந்தேன். இந்தத் துணிக்குப் பின்னாலதான் நின்னேன். எல்லாத்தையும் கேட்டேன். கத்தணும்னு வந்துச்சு, கத்தல. ஏன் தெரியுமா? நம்ம வீட்டுல வளந்த புள்ள, இன்னிக்கு அவர்கிட்டச் சொல்லிடுச்சு, நாளைக்கு என்கிட்டச் சொல்லும், நாளன்னிக்குப் போய்ச் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லும்னு இருந்தேன். ஒம்பது நாளாச்சு தம்பி. தினம் அவர்கிட்டயே சொல்லிக்கிட்டிருக்கே. மறந்துடுற மனுஷன்கிட்டப் போய்."

"எனக்கு வேலை போயிட்டா அண்ணனை எப்படி…"

"அண்ணன் பேரைச் சொல்லாதே. அவருக்கு இப்படி ஆனதைக்கூட நான் தாங்கிக்குவேன், நீ வேணும்னு பண்ணல. இந்தப் பொண்ணு அடிங்கம்மான்னு வந்து நிக்குது, நீ டீ குடிங்கறே. இதை எப்படிடா தாங்கறது?"

குருவி சுவரில் சாய்ந்து நின்றாள். கோபம்கூட அவளுக்கு இன்னும் வரவில்லை. "சார், நான் வராண்டாவுல இருந்தேன் சார்" என்று மட்டும் சொன்னாள். "ஒம்பது நாற்பதுக்கு நான் வராண்டாவுல பேசிக்கிட்டிருந்தேன். நான் பைத்தியமாயிட்டேன்னு நெனச்சேன் சார்."

வாத்தியார் தலையை ஆட்டினார்.

"கமிட்டியில என்னை உள்ள விடுவாங்களா?" என்று அண்ணி குருவியிடம் கேட்டாள்.

"தெரியலம்மா."

"விடாம என்ன? அடிபட்டவன் பொண்டாட்டி இல்லாம என்ன விசாரணை நடத்தறாங்க? நீ முகத்தைக் கழுவிட்டு வா."

ஆலைக்குப் போகும் கனத்த செருப்பை மாட்டிக்கொண்டாள். குடையை எடுத்தாள். கதவருகே நின்று, வாத்தியாரைப் பார்க்காமல், மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு மணிக்கு அவருக்குக் கஞ்சி குடு. நல்லா ஆத்திக் குடு. சூடு தெரியாது அவருக்கு, வாய் வெந்துடும்." இரண்டு பேரும் ஒரே குடையில் தெருவில் இறங்கிப் போனார்கள்.

ஒரு மணிக்கு அவர் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, ஊதி ஊதி ஆற்றி, ஸ்பூனால் ஊட்டினார். அண்ணன் ஒழுங்காக வாங்கிக்கொண்டார். நாலு வாய் ஆனதும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அவ எங்கடா?"

"யூனிவர்சிட்டிக்குப் போயிருக்காங்கண்ணா."

"அங்க அவளுக்கு என்ன வேலை?"

"உண்மையைச் சொல்லப் போயிருக்காங்க."

"யாரைப் பத்தி?"

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. "என்னைப் பத்திண்ணா."

சரி விடுடா என்று வரும் என்று வாத்தியார் காத்திருந்தார். தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார் என்றே சொல்லவேண்டும். அண்ணன் வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினார்.

"உன்னைப் பத்தின்னா நீயில்ல போகணும்?"

"உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிண்ணா போறது?"

நல்ல பதில்தான். அடுத்த வீட்டுத் தையல்காரர் மனைவியைக் கூப்பிட்டால் ஓடி வருவாள். எதிர்வீட்டில் இரண்டு பேர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தெருவில் அண்ணனுக்காக ஒரு மணி நேரம் உட்காராதவர்கள் கிடையாது. பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். அறிக்கைத் தாள் பையில் இருந்தது. அதன் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. வாத்தியார் அடுத்த ஸ்பூனை ஊதினார். கிண்ணம் காலியாகும்வரை ஊட்டி, வாயைத் துடைத்து, விரிப்பை மாற்றினார். இரண்டு மணி ஆயிற்று.

"நீ இன்னும் போகலையா?" என்றார் அண்ணன்.

வாத்தியார் கேட்காதவர் போலக் கிண்ணத்தைக் கழுவப் போனார். அரை மணியில் மறந்துவிடும், அவருக்குத் தெரியாதா? கழுவிய கிண்ணத்தையே இரண்டாம் தடவை கழுவினார். நனைந்த விரிப்பை அலசிப் பிழிந்தார், கயிற்றில் போட்டார், காய்ந்ததை மடித்தார். இரண்டே முக்காலுக்குக் கூடத்துக்கு வந்தபோது அண்ணன் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தி, உன்னைப் பத்தி அங்க பேசறாங்களேடா. நீ போகலையா?"

மூன்று மணிக்கும் கேட்டார். மூன்றேகாலுக்கும் கேட்டார். அன்றைக்கென்று பார்த்து அவருக்கு அது மறக்கவே இல்லை.